பெரியவரின் பேஸ்போல் மட்டை

சென்ற மாதம் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து என் வாசல் படலைக்கு முன்னால் நின்றது. இறங்கியவர் ஓர் இளம் பெண். பாடசாலை ஒன்றில் பிள்ளைகளுக்கு பேஸ்போல் பழக்குகிறாராம். தோளில் தொங்கிய நீளப் பையிலிருந்து அலுமினிய மட்டை ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். பழைய பழக்கத்தில் அதை என் முழங்காலில் தட்டிப் பார்த்தேன். கோயில் மணிக்கும் தண்ணீர்ப் பைப்புக்கும் இடைப்பட்ட ஒரு சத்தம் வந்தது. முழங்கால் இரண்டு நாள் நொந்தது.

"ஐயா, நீங்கள் அந்தக் காலத்திலை பேஸ்போல் மட்டை செய்தனீங்களாம். உண்மையோ?" என்று கேட்டார்.

செய்தவர் சூசையண்ணை, நான் சைக்கிள் ஓடினேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கிழவருக்கு ஞாபகம் குழம்பிவிட்டது என்று நினைத்து, மரியாதையாகத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னது சுத்தமான உண்மை. ஆனால் அந்த உண்மையை ஒரு தேத்தண்ணீர் நேரத்துக்குள் விளக்க முடியாது. ஆகவே அவருக்காக எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் மட்டை செய்யும் அந்தக் கடையில் நான் சேர்ந்தேன். உயர்தரப் பரீட்சையில் பிரயோக கணிதம் என்னை இரண்டு தரம் வீழ்த்தியிருந்தது. மூன்றாம் தரமும் அதற்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். அரியாலையிலிருந்து சைக்கிளில் போய் நடராசா முதலாளிக்கு முன்னால் நின்றேன். யாழ்ப்பாண நகரத்தின் பின் தெரு ஒன்றில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் பட்டறையுமாக இருந்தது அவருடைய இடம். கிரிக்கெட் மட்டை, விக்கெட் தடி, கரம் போர்ட், தடை தாண்டும் பலகை என்று பள்ளிக்கூடங்கள் கேட்கும் எல்லாவற்றையும் அங்கே செய்தார்கள், அல்லது கொழும்பிலிருந்து எடுத்து விற்றார்கள்.

முதலாளி என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. ஒரு மட்டையை என் காதருகே பிடித்து மரச்சுத்தியலால் தட்டினார். "என்ன கேக்குது?" என்றார். சத்தம் கேட்கிறது என்றேன். "நல்லது, செவிடில்லை" என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூசி தட்டினேன், பசை காய்ச்சினேன், உளி தீட்டக் கற்றுக்கொண்டேன், என் விரலில் அதன் கூரைச் சோதித்தேன். முதலாளியின் குணத்தைப் பிடிக்கத்தான் நாள் எடுத்தது. அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சாதாரண நாட்களில் எங்களை 'நீர்' என்பார். கோபம் வந்தால் 'நீங்கள்' ஆகிவிடும். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். வாருங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சனீங்களோ என்று கேட்டாரென்றால் பின்னேரத்துக்குள் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். இது தெரியாமல், நான் ஒரு கட்டு விக்கெட் தடியை வெயிலில் காயவைத்து வில்லாக வளைத்த அன்று, அவர் என்னை முதன்முதலாக 'நீங்கள்' என்று கூப்பிட்டதைக் கேட்டு, எனக்குப் பதவி உயர்ந்துவிட்டதென்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

மரத்தைச் சுற்றவிட்டு உளியால் உருட்டி எடுக்கும் கடைச்சல் வேலை முழுவதும் சூசையண்ணையின் கையில். குருநகர்க்காரர். அவருடைய சகோதரங்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றும். சுற்றுகிற பொருளைக் கரையில் நின்று பார்க்கலாம் என்று கடைச்சல் மெசினுக்கு வந்ததாக அவரே சொல்வார். காலையில் மெசினுக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டுதான் உளியைத் தொடுவார்.

இனி அந்த மட்டை.

முதலாளி உட்காரும் கதிரைக்கு மேலே, சுவரில், அவருடைய தகப்பனாரின் படம் இருந்தது. நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். படத்துக்குக் கீழே இரண்டு ஆணியில் ஒரு பேஸ்போல் மட்டை படுத்திருந்தது. கடைக்கு யார் புதிதாக வந்தாலும் முதலாளி அதன் கதையைச் சொல்வார். பெரியவர் முதலில் மாட்டு வண்டில் செய்தவர். முப்பதுகளில் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். தன் நாட்டு விளையாட்டைப் பொடியன்களுக்குப் பழக்க விரும்பி, ஒரு மட்டை கடைந்து தரும்படி பெரியவரிடம் வந்தார். பெரியவர் உள்ளூர் மரத்தில் கடைந்து கொடுத்தார். எவ்வளவு அடித்தும் முறியவில்லை. பாதிரியார் அதிசயித்துப் போனார். அந்த மட்டையோடுதான் எங்கள் கம்பனி தொடங்கியது. கதை முடிந்ததும் சுவரைக் காட்டி, "இத்தினை வருசம். ஒரு கீறல் இல்லை" என்பார்.

சுவரில் தொங்கினால் அப்பளமும் அத்தனை வருடம் முறியாது என்று சூசையண்ணை ஒருமுறை சொன்னார், முதலாளிக்குக் கேட்காத தூரத்தில்.

பெரியவர் வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் அந்த மட்டையை இறக்கி, ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைக்க வேண்டும். சந்தனம் அரைத்துக் கொடுப்பவர் சூசையண்ணைதான். இப்படி வருடா வருடம் பூசிப் பூசி அது பனங்கட்டி நிறமாகி, மட்டையை விட வார்னிஷ் அதிகமோ என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தடித்திருந்தது.

தொண்ணூறில் யுத்தம் திரும்பத் தொடங்க, மின்சாரம் நின்றது. கொழும்புச் சாமான்களும் நின்றன. பட்டறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், முதலாளி, சூசையண்ணை, நான் என்று மூன்று பேர் மிஞ்சினோம். மெசினின் மோட்டாரைத் துணி போட்டு மூடிவிட்டு, சூசையண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த நாள் என் சைக்கிள் பட்டறை நிலத்தில் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. பின் சில்லின் டயரைக் கழற்றி, விளிம்பில் கயிறு ஓட்டி, அதை மெசினின் கப்பியில் மாட்டினார். நான் ஆசனத்தில் ஏறி மிதிக்க, மரம் சுற்றியது. அன்றிலிருந்து நான்தான் அந்தக் கம்பனியின் மோட்டார். எண்ணெய் தேவையில்லை, தேத்தண்ணீர் போதும்.

வேகத்துக்கு அவர் பெயர் வைத்திருந்தார். மட்டையின் தடித்த பக்கத்தைக் கடையும்போது "தேர் இழுக்கினம்" என்பார். நான் மெல்ல மிதிக்க வேண்டும். பிடிக்கு வரும்போது "நாய் துரத்துது" என்பார். அப்போது நாக்கு வெளியே வரும்வரை மிதிக்க வேண்டும். வேலை இப்படிப் போகும். மரத்தை அரியாமல், நார் போன வழியே ஆப்பு வைத்துப் பிளப்பார். வாய்ச்சியால் எட்டுப் பட்டையாகச் செதுக்குவார். மெசினில் ஏற்றி, உளியை அசையாமல் பிடித்து, சீவல் சுருள் சுருளாக வருகிறதா என்று பார்ப்பார். சுருள் வந்தால் நார் ஒழுங்கு. தூளாக வந்தால் எங்கோ கணு இருக்கிறது, மட்டை அந்த இடத்தில்தான் முறியப்போகிறது. அரத்தாள் கிடைக்காத காலமாதலால், கடைசியில் பராய் மரத்து இலையால் தேய்ப்பார். அது பூனையின் நாக்குப் போலச் சொரசொரத்த இலை.

குறை மரத்தில் இருந்தது. நல்ல மரம் வன்னிக் காட்டிலிருந்து வரவில்லை. கிடைத்த பூவரசு, வேம்பு, கொய்யா எல்லாவற்றையும் கடைந்தோம். எல்லாம் முறிந்தன. ஒரு பள்ளிக்கூட மட்ச்சில் எங்கள் கிரிக்கெட் மட்டையின் பிடி ஆட்டக்காரரின் கையில் நிற்க, மிச்சம் பறந்துபோய் நடுவரின் காலடியில் விழுந்தது. பந்தை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்கு எத்தனை ஓட்டம் கொடுப்பது என்று நடுவர் கொஞ்ச நேரம் யோசித்ததாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு யேசுதாசன் வந்தான். குருநகர் இளைஞர் கழகத்தின் எல்லே அணித் தலைவன். எல்லே எங்கள் நாட்டு விளையாட்டு. பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுவது. பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். எல்லே மட்டைக்கு எடுக்கும் மூங்கில் வராதபடியால் அவர்களுக்கும் நாங்கள்தான் மட்டை கடைந்து கொடுத்திருந்தோம். அவன் எங்கள் மட்டை ஒன்றின் பாதியை முதலாளியின் மேசையில் வைத்தான்.

"முதலாளி, மாதாகோயில் பங்குகளுக்கு இடையிலை பெரிய போட்டி ஒண்டு வருது. முறியாத மட்டை தரலாமெண்டால் ஒரு டசின் வேணும். தரேலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நாங்கள் பனை மட்டையாலை அடிக்கிறம்."

முதலாளி வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார். அவன் போன பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கொழும்பில் இருந்த மகள் தன்னை வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பதையும், கட்டில் கால் கடைகிறவர் ஒருவர் மெசினை வாங்க ஆயத்தமாக இருப்பதையும் சொன்னார். "முறியாத மட்டையாலை தொடங்கின கம்பனி. முறியிற மட்டை வித்து முடிய விடமாட்டன். அப்பா என்ன மரத்திலை கடைஞ்சவர் எண்டு கண்டுபிடிச்சால் கடை திறந்திருக்கும். இல்லாட்டி வெள்ளிக்கிழமையோடை பூட்டுறன்."

வெளியே வந்ததும் சூசையண்ணை என் காதில் சொன்னார். "கட்டில் கால் நல்ல தொழில் கணேசு. முறிஞ்சாலும் வீட்டுக்காரர் வெளியிலை சொல்லமாட்டினம்." சொல்லிவிட்டு அவரும் சிரிக்கவில்லை. அவருக்கு நான்கு பிள்ளைகள்.

ஆகவே நான் இரவல் சைக்கிளில் பெரியவரின் மட்டையைக் கட்டிக்கொண்டு குடாநாட்டைச் சுற்றினேன். எனக்கு அது வேலை மாதிரியே தெரியவில்லை. மரம் என்ன என்று அறியும் ஆவல் என்னையும் பிடித்துவிட்டது. குருநகரில் வள்ளம் கட்டுகிறவர் ஒருவர் மட்டையை மூக்கில் வைத்து நெடுநேரம் முகர்ந்துவிட்டு இலுப்பை என்றார். அளவெட்டியில் தவில் செய்கிறவர் தட்டிப் பார்த்து, இது பலா, சந்தேகமே இல்லை என்றார். கொடிகாமத்தில் மரக்கறி மூட்டை ஏற்றும் வண்டில்காரர் ஒருவர் நாக்கால் தொட்டுப் பார்த்து, விண்ணாங்கு, வண்டிலின் முன்னால் நீளும் துலாக் கட்டைக்குப் போடுகிற மரம் என்றார். ஒவ்வொருவரும் தங்கள் தொழில் மரத்தையே சொன்னார்கள். வழியில் ஒரு வைத்தியரைக் கண்டிருந்தால் அது மருந்து மரமாகியிருக்கும். கடைசியாகக் கேட்ட ஆசாரி மட்டும் சத்தியமாகச் சந்தனம் என்றார். அவர் முகர்ந்தது அத்தனை ஆயுதபூசைகளின் சந்தனத்தை.

வியாழக்கிழமை காலை சூசையண்ணை முதலாளியிடம் சொன்னார். வார்னிஷுக்கு மேலால் யாராலும் மரம் பார்க்க முடியாது, ஒரு இடத்தில் சுரண்ட வேண்டும் என்றார். முதலாளி படத்தைப் பார்த்தார். பிறகு மட்டையைப் பார்த்தார். "ஒரு ரூபாய்க் காசுக்குத்தி அளவு. அதுக்கு மேலை வேண்டாம்" என்றார்.

சூசையண்ணை உடைந்த போத்தல் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார். வார்னிஷ் சுரண்டக் கண்ணாடியைப் போல ஒன்றும் இல்லை. கத்தி மரத்தைக் கடித்துவிடும், கண்ணாடி தோலை மட்டும் எடுக்கும். மட்டையை மடியில் வைத்து, நடுப்பகுதியில், ஒரே பக்கமாக இழுத்தார். முதலில் கறுப்புத் தூள் வந்தது. பிறகு சிவப்பு. பிறகு தேன் நிறம். ஒவ்வொரு நிறம் வரும்போதும் இது எந்தப் பூசை, யார் அடித்த பூச்சு என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். "இது நான் கலியாணம் செய்த வருசம்" என்றார் ஓர் இடத்தில். நான் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

தேன் நிறத்துக்குக் கீழே மரம் வந்தது. வெளிறிய மரம், நீள நீளமான நார். நாங்கள் மூவரும் இதுவரை காணாத மரம். அதில் ஒரு கறுப்புக் கோடு வளைந்து போனது. சூடு போட்டது போலிருந்தது. சூசையண்ணை ரூபாய்க் குத்தியை மறந்துவிட்டார். முதலாளியும் மறந்துவிட்டார். கோடு முட்டை வடிவமாக வளைந்து முடிந்தது. உள்ளே ஆங்கில எழுத்துகள். என்னுடைய உயர்தரப் படிப்பு அன்றைக்கு ஒருமுறை பயன்பட்டது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு கம்பனியின் பெயர் பாதி அழிந்திருந்தது. அதற்குக் கீழே, அமெரிக்காவில் செய்யப்பட்டது என்று தெளிவாக இருந்தது.

சூசையண்ணை கண்ணாடித் துண்டை மெல்ல மேசையில் வைத்தார்.

முதலாளி இனி 'நீங்கள்' என்று தொடங்கப் போகிறார் என்று எதிர்பார்த்து நான் ஆயத்தமாக நின்றேன். அவர், "கணேசு, கதவைச் சாத்தும்" என்றார். 'நீங்கள்' வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் போனபோது, மெசின் வாங்குகிறவருக்குச் சொல்லி அனுப்பப் போகிறார் என்றே நினைத்தேன். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மட்டை துவாய்த் துண்டில் சுற்றியபடி கையில் இருந்தது. அந்தப் பாதிரியாரிடம் விளையாடியவர்களில் ஒருவர், பொன்னுத்துரை மாஸ்டர், அளவெட்டியில் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று இரவு நினைவு வந்ததாம். "அப்பா ஒண்டையாவது கடைஞ்சவரோ, இல்லையோ எண்டு மட்டும் கேப்பம்" என்றார். மரத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

முதலாளியை முன் பாரில் இருத்திச் சைக்கிள் ஓடுவது சுலபமல்ல. அவர் மட்டையைத் துவக்குப் போல நிமிர்த்திப் பிடித்திருந்தார். துவாய் காற்றில் அவிழ்ந்து பறந்தது. ஒரு சந்தியில் இரண்டு பேர் எங்களைக் கண்டு, யாரையோ அடிக்கப் போகிறார்கள் என்று முடிவுசெய்து, சண்டை பார்க்கப் பின்னாலேயே சைக்கிளில் வந்தார்கள். அளவெட்டி வரைக்கும் வந்தார்கள். மாஸ்டர் வீட்டுப் படலையில் நாங்கள் செருப்பைக் கழற்றுவதைக் கண்டதும் ஏமாந்து திரும்பினார்கள்.

பொன்னுத்துரை மாஸ்டருக்கு எழுபது வயது கடந்திருக்கும். பக்கத்து வளவில் யாரோ நாதஸ்வரத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டிக் கேட்பதற்காக மாஸ்டர் கதிரையை எங்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். முதலாளியைப் பார்த்து, "நீர் வண்டில்காரற்றை மகன் அல்லோ" என்றார். பிறகு மட்டையை வாங்கினார். எழுந்து நின்று, ஒரு காலைப் பின்னால் வைத்து, தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். அந்த ஒரு கணம் அவருக்கு எழுபது வயது இல்லை.

"உதாலை நாங்கள் ஒருத்தரும் விளையாடேல்லை" என்றார். "பாதிரியார் தொடவும் விடமாட்டார். அது அவர் ஊரிலையிருந்து கொண்டு வந்தது. மாதிரிக்கு வைச்சிருந்தவர். நாங்கள் அடிச்சது எல்லாம் உம்மடை அப்பா கடைஞ்சது."

முதலாளியின் தோள் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவு நேரமும் அது ஏறி நின்றது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப, அதுகள் முறியேல்லைத்தானே மாஸ்டர்?"

"முறியாமலோ?" மாஸ்டர் கதிரையில் இருந்துவிட்டார், சிரிப்பு அவரை நிற்க விடவில்லை. "கிழமைக்கு ஒண்டு முறியும் காணும். சில கிழமை ரெண்டு. முறிஞ்சதைத் தூக்கிக்கொண்டு உம்மடை அப்பாட்டை ஓடுவம். அவர் எங்களை ஏசி ஏசி இன்னொண்டு கடைவார். கடைசியிலை எங்களாலை அந்த மனுசனுக்கு வண்டில் செய்ய நேரமில்லாமல் போச்சு. பிறகு கிரிக்கெட் பொடியள் கேட்டாங்கள், விக்கெட் கேட்டாங்கள். வண்டில் பட்டறை போய் உங்கடை கடை வந்தது அப்பிடித்தான்."

முதலாளி மட்டையைத் திருப்பி வாங்கி மடியில் வைத்தார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பவர் போல, "என்ன மரத்திலை கடைஞ்சவர்?" என்றார்.

"அண்டைக்குப் பட்டறையிலை என்ன மரம் கிடந்ததோ, அந்த மரம்" என்றார் மாஸ்டர். "பாதிரியார் ஊருக்குத் திரும்பேக்கை இதை உம்மடை அப்பாட்டைக் குடுத்திட்டுப் போனவர். 'என்னட்டை முறியாமல் மிஞ்சினது இது ஒண்டுதான், ஏனெண்டால் இதாலை ஒருத்தரும் அடிக்கேல்லை' எண்டு சொன்னவர். நானும் பக்கத்திலை நிண்டனான்."

திரும்பி வரும்போது மருதனார்மடம் வரை முதலாளி மட்டையை மடியில் படுக்கவைத்துக்கொண்டு வந்தார். பாரில் இருந்தபடியே, முன்னால் பார்த்துக்கொண்டு, எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில் சொன்னார்: "அப்பா என்னட்டைப் பொய் சொல்லேல்லை, கணேசு. 'இது முறியாத மட்டை' எண்டுதான் சொன்னவர். தான் கடைஞ்சது எண்டு சொன்னவரோ எண்டு யோசிச்சுப் பார்க்கிறன். அதை நான்தான் சேர்த்துப்போட்டன் போலை."

கொஞ்சத் தூரம் போன பிறகு அவருடைய முதுகு குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரென்று நினைத்து பிரேக் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "முறியாத மட்டை கடைஞ்சிருந்தால், அந்த மனுசன் ஒண்டை வித்துப்போட்டு திரும்ப வண்டில் செய்யப் போயிருக்கும்" என்றார்.

அன்று பின்னேரம் யேசுதாசன் வந்தான். முதலாளி அவனை இருக்கச் சொல்லவில்லை, தேத்தண்ணீர் கேட்கவில்லை. நல்ல சகுனம். "டசினும் தாறன்" என்றார். "முறியும். கணு இல்லாமல் பார்த்துப் பிளந்து கடைஞ்சு தருவம், எண்டாலும் முறியும். முறிஞ்சால் கொண்டு வாரும்." யேசுதாசன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். பனை மட்டையும் முறியும் என்பது அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். சரி என்றான்.

கொடிகாமத்து வண்டில்காரரிடம் உக்கிப்போகாத பழைய விண்ணாங்குத் துலாக்கள் சில கிடந்தன. அவற்றை வாங்கிப் பிளந்தோம். நான் எத்தனை தேர் இழுத்தேன், எத்தனை நாய்க்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. சீவல் பெரும்பாலும் சுருளாகத்தான் வந்தது. தூளாக வந்த துண்டுகளைச் சூசையண்ணை அடுப்புக்குப் போட்டார். தொண்ணூற்றைந்தில் ஊரோடு நாங்களும் இடம்பெயர்ந்து கிளம்பும் வரை அந்தக் கடை திறந்துதான் இருந்தது. கிளம்பிய கதை எல்லோருக்கும் தெரியும். அதை எனக்குப் பகிடியாகச் சொல்ல வராது, ஆகையால் விட்டுவிடுகிறேன்.

அந்தப் போட்டிக்குத் திரும்பி வருகிறேன். அது முடிந்த மறுநாள் காலை, கடைத் தெருவில் ஒரு கூட்டம் வந்தது. முன்னால் யேசுதாசன். கையில் பிடியோடு முறிந்த மட்டையின் பாதி. சூசையண்ணை என் பின்னால் வந்து நின்றுகொண்டார், அடி விழுந்தால் முதல் அடி எனக்கு விழட்டும் என்று. முதலாளி எழுந்து போய்ப் பாதியை வாங்கி, முறிந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கடைசி அடியிலை முறிஞ்சுது முதலாளி" என்றான் யேசுதாசன். "பந்து பனை வடலிக்குள்ளை போய் விழுந்தது. இன்னும் தேடுறாங்கள். நாங்கள் வெண்டிட்டம். இதே மாதிரி முறியிற மட்டை இன்னும் ரெண்டு தாங்கோ."

முதலாளி முறிந்த பாதியைக் காதருகே பிடித்து விரலால் தட்டினார். கண்ணை மூடிக் கேட்டார்.

"தாறன்" என்றார். "ஆனால் இதே மாதிரி முறியுமெண்டு உத்தரவாதம் தரேலாது."